அப்புறம் என்று கேட்டவர்

தொண்ணூறுகளின் கடைசியில், பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் ஒரு சைபர் கஃபேயில் எனக்கென்று ஓர் இணையப் பக்கம் தொடங்கினேன். பிளாக் என்ற சொல்லே அப்போது தெரியாது. எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து தினமும் ஃபெரியில் வேலைக்கு வரும் கதையை, கடல்காற்றில் தலை கலைவது உட்பட, தமிழில் தட்டினேன். என் பெயரையும் ‘பினாங்கு’ என்பதையும் மட்டும் ஆங்கிலத்தில் போட்டேன்.

மறுவாரம் தோழிகளுக்குக் காட்ட ஆபீஸில் திறந்தால் ஒரே கிறுக்கல். கஃபே அண்ணனிடம் ஓடினேன்.

“தமிழ் ஃபாண்ட் இந்தக் கம்ப்யூட்டர்லதான் இருக்குலா. மத்த இடத்துல யாராலயும் படிக்க முடியாது, தங்கச்சி,” என்றார்.

அவமானமாக இருந்தது. அழித்துவிட உட்கார்ந்தேன். பக்கத்தின் அடியில், வாசகர்கள் எழுதும் இடத்தில், நார்வேயிலிருந்து ஒருவர் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியிருந்தார்.

“அக்கா, நான் பட்டர்வொர்த் பாகான் டாலாம்காரன். பினாங்குன்னு பார்த்ததும் விட மனசு வரல. எந்தக் கிறுக்கல் எந்த எழுத்துன்னு ஒவ்வொண்ணா கண்டுபிடிச்சுப் படிச்சேன். ஃபெரி கரைக்கு வந்துடுச்சு. அப்புறம்?”

அழிக்கவில்லை. ஃபெரியிலிருந்து இறங்கி நடந்ததை எழுத ஆரம்பித்தேன்.

இன்று என் பிளாக்கை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. எழுத உட்கார்ந்தால், முகம் தெரியாத அந்தத் தம்பி ‘அப்புறம்?’ என்று கேட்டபடி இன்னும் ஃபெரியில்தான் நிற்கிறார்.