வரிக்கு ஓரடி

காட்டேரிக்குப்பம் காலனி முனையில் பஸ் நிற்பதில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மூன்று கிலோமீட்டர் நடக்கிறார்கள். அதைக் குறைகேட்புக் கூட்டத்தில் பேச ஒத்துக்கொண்ட உஷாராணி, அதற்கு முந்தின பத்து நாளும் நாற்று நட்டுக்கொண்டே பேசிப் பழகினாள். நடவில் பின்னால்தான் நகர வேண்டும், வரிக்கு ஓரடி.

மேடையில் மைக்கைப் பிடித்ததும் பேச்சு மழையாகக் கொட்டியது. காலும் பழக்கத்தை விடவில்லை, பின்னாலேயே போனது.

"அடியே, மேடை முடியுதுடி!" என்று கத்தினாள் கூட நடும் செல்வகுமாரி. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. உஷாராணி ஒரு சொல்லையும் விடாமல் பேசிக்கொண்டே போனாள்.

அதிகாரி ஓடிப்போய் அவள் பின்னால் நாற்காலியைப் போட்டார். "பஸ்ஸ நிக்கச் சொல்றேம்மா, மொதல்ல நீங்க நில்லுங்க!"

"எப்போலேர்ந்து சார்?" என்று இன்னோர் அடி வைத்தவள், பொத்தென்று உட்கார்ந்தாள்.

சிரிப்பில் வழிந்த கண்ணைத் துடைத்தபடி, "நாளையிலேர்ந்தே" என்றார் அவர்.