நடுமரத்தில் நின்று வந்தேன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் சாந்தோம் கடலில் ஒரு வெள்ளைக்காரர் அலைமேல் நின்றுகொண்டு வருவார். கப்பலில் கொண்டுவந்த நீளப் பலகை, ஆளைவிட உயரம். நாங்கள் கரையில் கும்பலாக நின்று வாயைப் பிளப்போம். அப்போது நான் மாதா கோயில் பங்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வயது இருபத்தாறு. காது திருகுவதில் பேர் வாங்கியவன். அவர் நிற்கும்போது நான் ஏன் நிற்கக் கூடாது என்று வயிறு எரிந்தது.

முதலில் வீட்டில் கிடந்த பழைய கதவுப் பலகையைத் தூக்கிக்கொண்டு போனேன். அது என் மோவாயில் ஒரு போடு போட்டுவிட்டு அடியில் போய்விட்டது. வேறு நல்லதாகத் தேட வேண்டியிருந்தது.

குப்பத்தில் மீனவன் ஒருவன் குளிர்காய்ச்சலில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். எங்கள் பங்கைச் சேர்ந்தவன்தான், கோயிலில் கடைசி வரிசையில் நிற்பவன். அவனுடைய கட்டுமரம் சின்னது, ஒரே ஆள் போவது, மூன்றே கட்டைகள். நனைந்து கனத்துப்போனால் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவது அவர்கள் வழக்கம். காய்ந்ததும் மறுபடி சேர்த்துக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போவார்கள். அந்த வீட்டில் அடுப்பு எரிவது அந்த மூன்று கட்டைகளால்தான். அது எனக்கு அப்போது தெரியாது என்று எழுதினால் பொய்.

மூன்றையும் புரட்டிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன். ஓரத்துக் கட்டைகள் தனியாகத் தண்ணீரில் விட்டால் ஒரு பக்கம் சாய்ந்தன. நடுமரம்தான் நீளம், நேராக மிதந்தது, முனை கொஞ்சம் மேல்நோக்கி வளைந்து அழகாக இருந்தது. பெண் பார்க்கப் போனபோதுகூட நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"அவுரு தேறி வர்ற வரைக்கும் வெச்சிக்கோ, வாத்யாரே. அப்பால இங்கயே கொண்டாந்து போட்டுடு" என்றாள் அவன் மனைவி. அவனை ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சீட்டு எழுதிக் கொடுத்தவன் நான். அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியாது என்று தெரிந்துதான் கேட்டேன்.

தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் கடலுக்கு ஓடினேன். குப்புறப் படுத்துக்கொண்டு வருவது மூன்று நாளில் பிடிபட்டது. முழங்காலில் எழுவதற்கு ஒரு வாரம். நிற்க மட்டும் வரவில்லை. காலை ஊன்றினால் மரம் உருளும், நான் உப்புத் தண்ணீர் குடிப்பேன். மார்பில் தோல் உரிந்து சட்டை ஒட்டிக்கொண்டது. அந்த எரிச்சலை மறுநாள் பையன்களின் முதுகில் தீர்த்துக்கொண்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு மரம் உருண்டை.

ராயப்பேட்டையில் கட்டில் செய்யும் சாயபு ஒருவரிடம் அதைக் கைவண்டியில் ஏற்றிப் போனேன். மேல்பக்கத்தைத் தட்டையாக இழைத்து, இரண்டு ஓரத்தையும் செதுக்கச் சொன்னேன். அவர் உளியைத் தொடாமல் என்னைப் பார்த்தார்.

"கட்டுமரத்துக் கட்டையாட்டம் கீதே. உன்னுதுதானா, வாத்யாரே?"

"என்னுதுதான், பாய். இழைங்க."

இழைத்த மூன்றாம் நாள் அலைமேல் நின்றுவிட்டேன்.

அந்த வாரமே மீனவன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தான், எலும்பும் தோலுமாக. நான் கொண்டுபோய்ப் போட்ட மரத்தை நடுவில் வைத்து, மற்ற இரண்டையும் அணைத்துப் பார்த்தான். இரண்டு பக்கமும் நாலு விரல் இடைவெளி. கயிற்றை இறுக்கினான், ஓரத்துக் கட்டைகள் உள்ளே புரண்டன. மறுபடி அவிழ்த்து மறுபடி கட்டினான். பிறகு மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"எதுக்கு இத்த செதுக்குன?"

"நிக்க முடியலப்பா."

"இப்ப நிக்கிறியா?"

"நிக்கிறேன்."

"எங்க, காட்டு."

அவன் காலில் நான் விழுந்திருக்க வேண்டும். நான் மரத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். அன்றைக்குப் போல நான் என்றைக்கும் நின்றதில்லை. அலை உடைந்த இடத்திலிருந்து மணல்வரை, கையை விரித்துக்கொண்டு வந்தேன். சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் எதிரிலேயே சிரித்தேன்.

"நல்லாதான் நிக்கிற. நீயே வெச்சிக்கோ, எனக்கு ஆவாது" என்றான். அவன் மனைவி என் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

கட்டுமரத்துக்கான மரம் வெளியூரிலிருந்து வரவேண்டும். புது மரம் வாங்க அவனுக்கு வழியில்லை. மற்றவர்களின் கரைவலையைக் கரையில் நின்று கூலிக்கு இழுக்கும் ஆட்களோடு சேர்ந்துகொண்டான். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் நான் மரத்தைச் செதுக்கியதைச் சொன்னேன், சிரித்ததைச் சொல்லவில்லை. சாமியார் பரிகாரமாகக் கொடுத்த ஜெபங்களை முடித்துவிட்டு நேரே கடலுக்குப் போனேன்.

அன்று கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் நின்றுகொண்டு வருவதை அவன் பார்த்தான். என் வழியில் கிடந்த வலைக்கயிற்றை, நான் இடறிவிடாதபடி, தூக்கிப் பிடித்து ஒதுக்கிவிட்டான்.