கால்த்விக்கில் சூரியன் மறையாத இரவு

நம்பச் சொல்லவில்லை. ஆனால் இது நடந்தது. ஜூன் 24, 25. இரண்டே இரவுகள். யாருக்கு நடந்ததோ அவள் பெயர் ஸ்வாலா. இஸாஃப்யோர்துர் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள், நாற்பத்தாறு வயது. ஒன்பது வருடமாக அவளோடு அதே துறைமுகத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லி நான் கேட்டதில்லை. கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் மணி சொல்ல மாட்டாள். அவள் சொன்ன நேரங்களைத்தான் அப்படியே எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது இருட்டில் நடந்தது அல்ல. துருவத்தை ஒட்டிய எங்கள் வடமேற்கு மூலையில் ஜூன் கடைசியில் இருட்டு என்பதே கிடையாது. நடுராத்திரியிலும் வெயில் அடிக்கும். அதனால் ஸ்வாலாவுக்கு எல்லாமே தெளிவாகத் தெரிந்தது. அதுதான் கொடுமை.

கால்த்விக் விரிகுடாவில் அவளுடைய அப்பா வழி வீடு ஒன்று இருக்கிறது. சாலை கிடையாது, படகில்தான் போக வேண்டும். அங்கிருந்தவர்கள் எல்லோரும் காலிசெய்துகொண்டு போய் எழுபது வருடம் ஆகிறது. கோடையில் மட்டும் சொந்தக்காரர்கள் முறைவைத்துப் போய்த் தங்குவார்கள். அந்தக் கோடையில் முதலில் தங்குகிற முறை ஸ்வாலாவுக்கும் அவள் தங்கை லோவாவுக்கும். லோவா கோபன்ஹேகனில் இருப்பவள். அப்பா செத்ததற்கு வரவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடமாக அக்காளும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. இந்த இரண்டு நாளில் பேசித் தீர்த்துக்கொள்வது, முடியாவிட்டால் அத்தோடு விட்டுவிடுவது என்றுதான் இருவரும் படகு ஏறினார்கள்.

மாலை 4.20க்குப் படகுக்காரர் தோர்கில்ஸ் அவர்களைக் கரையில் இறக்கிவிட்டார்.

"நாளன்னிக்குக் காலைல ஒன்பதரைக்கு வருவேன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டுச் சாகாம இருங்க" என்று சிரித்துவிட்டுப் படகைத் திருப்பினார்.

வீட்டுக்குள் போனதுமே முதல் தப்பு. விறகு அடுப்பின் மேல் ஸ்வாலா கையை வைத்தாள். இளஞ்சூடு. உள்ளே புதுச் சாம்பல். போன ஆகஸ்டில் பூட்டிய வீடு. பூட்டில் துருகூட அப்படியே இருந்தது.

"ஜன்னல் வழியா வெயில் பட்டிருக்கும்" என்றாள் லோவா.

"வெயில் உள்ள புகுந்து சாம்பலையும் போட்டுட்டுப் போச்சாக்கும்?"

"வந்ததும் ஆரம்பிக்காத, ஸ்வாலா."

ரை தானிய ரொட்டியும் புகைபோட்ட ஆட்டுக்கறியும் சாப்பிட்டார்கள். வெளியே கரை முழுக்க ஆலா என்கிற கடல்பறவைகள் காட்டுக் கத்தலாகக் கத்திக்கொண்டிருந்தன. குஞ்சு பொரிக்கிற காலத்தில் அவை இரவும் பகலும் ஓயாது. 9.10க்கு அத்தனையும் ஒரே நொடியில் நின்றன. ஒன்றுகூடக் கத்தவில்லை. பறக்கவும் இல்லை. எல்லாம் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

11.40. பல் தேய்க்க வெளியே வந்த ஸ்வாலா கரையில் ஓர் ஆளைப் பார்த்தாள். தண்ணீர் விளிம்பில், வீட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் கடல். கடலுக்கு மேல் சூரியன். மலையேற வந்தவனாக இருப்பான் என்று கையைத் தூக்கினாள். அவன் தூக்கவில்லை.

அப்போதுதான் நிழலைக் கவனித்தாள். சூரியன் அவன் முதுகுக்குப் பின்னால். நிழல் வீட்டுப் பக்கமாக அல்லவா விழ வேண்டும்? அது கடல் பக்கமாக விழுந்திருந்தது. சூரியனை நோக்கி. நீளமாக...

லோவாவிடம் சொல்லவில்லை. காலையில் போய்ப் பார்த்தாள். கறுப்பு மணலில் காலடி ஒன்றுகூட இல்லை. வீட்டு வாசற்படியில் மட்டும் ஒரு கைப்பிடி மணல். ஈரமாக.

இரண்டாம் நாள் முழுக்கச் சண்டை.

"அப்பா சாகக் கிடக்குறார்னு சொன்னேன். வந்தியாடி நீ?"

"எப்படிச் சொன்ன? 'வந்தா வா, வராட்டி போ'ன்னு சொல்லிட்டு ஃபோனை வெச்ச. அது சொல்றதா?"

"கடைசி ரெண்டு மாசம் அவரால பேசவே முடியல. உன் ஃபோட்டோவத்தான் விரலால காட்டிக்கிட்டு இருந்தார்."

லோவாவின் முகம் வெளுத்தது. "பேச முடியலங்கறதையே நீ எனக்குச் சொல்லலையே..." என்றாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஸ்வாலாவும் விட்டுவிட்டாள்.

இரவு 12.50.

டங்.

தகரக் கூரையில் ஒரு கல். உருண்டு வந்து கீழே விழுந்தது. மறுபடி டங். மறுபடியும். ஸ்வாலா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். பளீரென்று வெயில். கரை, புல், ஓடை எல்லாம் தெரிந்தது. ஆள் யாரும் இல்லை.

1.05. வீட்டைச் சுற்றி நடக்கிற சத்தம். சரக்... சரக்... ஈர பூட்ஸ் போட்ட கால். ஒவ்வொரு ஜன்னலாகக் கடந்தது. சத்தம் மட்டும்தான் கடந்தது. கண்ணாடிகளில் ஒவ்வொன்றாக, உள்ளங்கை அளவுக்கு ஈரம் படிந்தது.

லோவா அறையைவிட்டு வெளியே வந்தாள். கண்கள் நிலைகுத்தி இருந்தன.

"அப்பா" என்றாள்.

"என்னது?"

"அப்பா கூப்பிடறார். குளிருதாம். உனக்குக் கேக்கலையா?"

ஸ்வாலாவுக்குக் கேட்டது. ஆனால் அப்பாவின் குரல் அல்ல.

கதவுக்கு வெளியே இருந்து வந்தது லோவாவின் குரல்.

"ஸ்வாலா... கதவைத் திற. நான் வெளிய மாட்டிக்கிட்டேன். உள்ள இருக்கறது நான் இல்ல..."

லோவா எதிரேதான் நின்றாள். அவள் உதடு அசையவில்லை.

"திறக்காதடி!"

"அப்பா வெளிய நிக்கிறார்!"

"அப்பா செத்துட்டார்டி!"

"உனக்கு மட்டும்தான் அவரைப் பாக்க உரிமையா?"

லோவா தாழ்ப்பாளை இழுத்துவிட்டாள்.

1.28.

கதவு நாலு விரற்கடை திறந்தது. ஒரு கை உள்ளே வந்தது. வெளுத்து, ஊறிப்போன கை. நகத்துக்குள் கறுப்பு மணல். லோவாவின் மணிக்கட்டைப் பிடித்தது.

இழுத்தது.

ஸ்வாலா தங்கையை இடுப்போடு கட்டிப் பிடித்தாள். தரையில் உட்கார்ந்து, ஒரு காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, மறு காலால் முழு பலத்தோடு கதவை உதைத்தாள். எலும்பு நொறுங்குகிற சத்தம்.

கை விடவில்லை.

மறுபடி உதைத்தாள். மறுபடி.

"என் தங்கச்சிய விடு!"

வெளியே சிரிப்பு. லோவாவின் சிரிப்பு.

கதவு இடுக்கில் வெயில்.

வெயிலில் ஒரு கண்.

அது இமைக்கவில்லை...

1.52.

விட்டுவிட்டது.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வெளியே ஆலாக்கள் கத்த ஆரம்பித்தன. இருவரும் தரையிலேயே கிடந்தார்கள். லோவாவின் மணிக்கட்டில் ஐந்து விரலும் நீலமாகப் பதிந்திருந்தன.

"மன்னிச்சிடு" என்றாள் ஸ்வாலா. "எங்களை விட்டுட்டுப் போன உன்னைப் பழிவாங்கத்தான், அப்பாவுக்குப் பேச்சு போனதைச் சொல்லாம விட்டேன்."

லோவா அக்காளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சரியாக 9.30க்குத் தோர்கில்ஸ் வந்தார். இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தார். சாமான்களை வாங்கிப் படகில் வைத்தார். போகிற வழியில், அடுத்த விரிகுடாவில், நடைபயணம் வந்த ஒரு தம்பதி படகில் ஏறினார்கள். செல்ஃபோஸ் ஊரில் பள்ளி ஆசிரியர்கள். அந்த அம்மாளின் பெயர் பெர்க்தோரா. ஸ்வாலாவைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"அட, நீங்களா! பெரியவர் வரலையா?"

"எந்தப் பெரியவர்?"

"உங்க அப்பாதானே அவர்? நேத்து ராத்திரி உங்க வீட்டைத் தாண்டித்தானே நடந்து வந்தோம். சரியா ஒன்றரை மணி. சூரியன் கடல்மேல உக்காந்திருந்துச்சுன்னு நான்தான் மணி பார்த்தேன். நீங்க மூணு பேரும் வாசல் பெஞ்சுல இருந்தீங்க. அவர் நடுவுல. உங்க ரெண்டு பேர் கையையும் பிடிச்சிக்கிட்டிருந்தார். நாங்க கையசைச்சோம், நீங்களும் அசைச்சீங்களே!"

அந்த அம்மாளின் கணவர் தலையாட்டினார்.

"நல்ல மனுஷன். உள்ள வந்து காபி குடிச்சிட்டுப் போங்கன்னார். இல்ல, காலைல படகுல எல்லாரும் பாத்துக்கலாம்னு சொன்னேன். அதுக்கு அவர், 'என் பொண்ணுங்கள்ல ஒருத்திதான் படகுக்கு வருவா. இன்னொருத்தி இங்க என்கூட இருந்துடுவா'ன்னார்."

பெர்க்தோரா இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள்.

"ஆனா, ரெண்டு பேருமே வந்துட்டீங்க போலிருக்கே."

லோவா கோபன்ஹேகனுக்குத் திரும்பவில்லை. இப்போது ஸ்வாலாவின் வீட்டில்தான் இருக்கிறாள். சண்டை கிடையாது. ஒன்றாகச் சமைக்கிறார்கள், ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். ஆனால் ஒருத்தி தூங்கும்போது இன்னொருத்தி தூங்குவதில்லை. நாற்காலியைக் கட்டிலுக்கு எதிரே போட்டுக்கொண்டு, தூங்குகிறவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.