பேஜ் டவுன் அமுக்கினா அடுத்த ரூம்

எனக்குப் பிறவியிலேயே கண்ணு தெரியாது. அதனால மவுஸுங்கிறது எனக்கு மேஜையில கிடக்குற ஒரு சோப்புக்கட்டி, அம்புட்டுத்தான். தல்லாகுளத்துல ஒரு அரசாங்க ஆபீஸ்ல கடிதம் அடிக்கிற வேலை. அடிக்கிறதை எல்லாம் கம்ப்யூட்டர் இயர்போன்ல வாசிச்சுச் சொல்லும். விரல் பட்டனைத் தேடாமலே போகும். 'இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க'ன்னு யார்கிட்டயும் போய் நின்னதில்லை. அந்த வீம்பு எனக்கு உண்டு.

போன வருஷம் எல்லாக் கம்ப்யூட்டர்லயும் வேற சிஸ்டம் ஏத்துனாங்க. வாசிக்கிற குரலே ஜலதோஷம் பிடிச்ச ஆளு மாதிரி ஆகிப்போச்சு. பாதிக் கடிதம் அடிச்சிருப்பேன், பழைய பழக்கத்துல விரல் எதையோ அமுக்கும், குரல் நின்னுபோகும். கடிதத்தைக் காணோம்.

பக்கத்து சீட்டுக்காரி நல்ல மனசுக்காரி. "இருக்குக்கா, வேற டெஸ்க்டாப்புக்குப் போயிருச்சு. தள்ளுங்க, நான் எடுத்துத் தாரேன்"னு நான் எப்பவும் அணைச்சே வச்சிருக்குற ஸ்க்ரீனைப் போட்டு மவுஸை நகட்டுவா. கடிதம் வந்துரும். எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. ஒரே கம்ப்யூட்டருக்குள்ள ரூம் ரூமா டெஸ்க்டாப் இருக்காம். பாக்குறவங்களுக்கு அதைச் சொல்லணும்னே தோணல.

கடிதமெல்லாம் லேட்டாகவும் சூப்பிரண்டு சார் கூப்பிட்டாரு. "பாவம், எதுக்கும்மா இந்தக் கஷ்டம்? திங்கக்கிழமையில இருந்து டெலிபோன் சீட்ல உக்காந்துக்கங்க." திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வச்சுக்கிட்டு அழுதேன். போன் எடுக்குறது கேவலமில்லை. அடிக்கத் தெரிஞ்ச நான் எதுக்கு அங்க போகணும்?

"அதான் நான் எடுத்துத் தாரேன்லக்கா"ன்னா பக்கத்து சீட்டுக்காரி.

"எடுத்துத் தராத தாயி. எந்தப் பட்டன்னு சொல்லு, போதும்."

அவளுக்குத் தெரியல. எல்லாத்துக்கும் மவுஸுதான் அவளுக்கு. சட்டுன்னு மவுஸு வயரைப் பிடுங்கி டிராயர்ல போட்டுட்டு, என் இயர்போன்ல ஒரு பக்கத்தைத் தன் காதுல வச்சா. "நானும் கண்ணை மூடிக்கிட்டேங்க்கா, வாங்க பாப்போம்." ரெண்டு பேரும் தட்டித் தடவி, சோறு காஞ்சுபோற நேரத்துக்குக் கண்டுபிடிச்சோம். ஸ்பேஸ்பாருக்கு இடப்பக்கம் ரெண்டாவது பட்டன். அதோட சேத்து பேஜ் டவுன் அமுக்கினா அடுத்த ரூம், பேஜ் அப் அமுக்கினா பழைய ரூம்.

"அடியாத்தி, இம்புட்டுத்தானா"ன்னா.

வெள்ளிக்கிழமை சாருக்கு அவசரமா ஒரு கடிதம் தேவைப்பட்டுச்சு. டைப் அடிக்கிற இன்னொருத்தர் லீவு. "நீங்க சொல்லுங்க சார், நான் அடிக்கிறேன்"னேன். அரை மனசா வந்து நின்னாரு. பழைய கடிதம் ஒரு ரூம்ல, புதுசு ஒரு ரூம்ல. ரெண்டுக்கும் போயிப் போயி வந்து அடிச்சு முடிச்சேன். பிரிண்டர் சத்தம் கேட்டுச்சு. எடுத்துப் படிச்சாரு.

"திங்கக்கிழமையும் இதே சீட்டுக்கு வந்துருங்கம்மா"ன்னாரு. ரெண்டு எட்டு போயிட்டுத் திரும்பி, "ஏம்மா, இம்புட்டு நேரமும் ஸ்க்ரீனே போடலையே?"ன்னாரு.

"எனக்கு எதுக்கு சார்? உங்களுக்குத் தேவைன்னா போட்டுக்கங்க."