செலீனா ஒதுக்கி வைத்த சோறு

பேசாலையில் செலீனா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு கிடுகு வேலிதான். வெள்ளைக்காரர் ஆண்ட காலம் அது. அவளுடைய தாய் அருளம்மா சுவரோடு கதைக்கும் குரல் எங்கள் முற்றம் வரை கேட்கும்.

செலீனா பிறந்த பிறகு புத்தி பேதலித்து வந்த விசர் அருளம்மாவை விட்டுப் போகவில்லை. அருளம்மாவின் தாய்க்கும் பிள்ளை பெற்ற பிறகுதான் வந்ததாம். அருளம்மாவைப் பின்னறையில் வைத்துப் பார்த்தார்கள். கோயிலுக்கும் கூட்டிப் போவதில்லை. செலீனா ஊட்டினால் சாப்பிடுவாள். தலை வாரி இழுத்துவிட்டால் சிரிப்பாள்.

ஒருநாள் காலை, ஊருக்குப் புதிதாக வந்திருந்த பங்குச் சுவாமியார் யாரோ ஒரு பெரிய மனிதரோடு அந்த வீட்டுப் படலையில் நின்றார். நான் செலீனாவோடு குசினியில் மா அரித்துக்கொண்டிருந்தேன். தகப்பன் அமிர்தநாயகம் உள்ளே ஓடி வந்தார்.

"பிள்ளை, நல்ல சீலையைக் கட்டு. உனக்குத்தான் வந்திருக்கினம் போல."

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்களிடம் சுவாமியார் வீடு வந்து வம்சம் விசாரிப்பது கோயிலில் கலியாண ஓலை வாசிப்பதற்கு முன்புதான். வந்தவர்களும் கதிரையில் இருந்ததும் அதைத்தான் கேட்டார்கள்.

"பிள்ளையின்ர தாய் எங்க?" என்றார் பெரிய மனிதர்.

"அவ மோசம் போயிட்டா, ஐயா. காய்ச்சல்."

சுவாமியார் சிலுவை போட்டு, அருளம்மாவின் ஆத்துமம் இளைப்பாற ஒரு செபம் சொன்னார். அமிர்தநாயகமும் சேர்ந்து சொன்னார். பின்னறைத் தட்டிக்கு அந்தப் பக்கம் அதுவரை கேட்ட முணுமுணுப்பு நின்றுபோனது.

அதன் பிறகே பெரிய மனிதர் தான் கொழும்பு டாக்குத்தர் என்றார். விசர் தாயிடமிருந்து பிள்ளைக்கு எப்படி வருகிறது என்று அவரும் சுவாமியாரும் சேர்ந்து ஆராய்கிறார்களாம். முசலிப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் விசாரிக்கத் தாவூது என்று ஒரு வாத்தியார் உதவுகிறாராம். பெண் பார்க்க வந்தவர்கள் இல்லை என்று அமிர்தநாயகத்துக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனால் பொய் என்று இனி எப்படிச் சொல்வது? செபம் சொல்லி முடித்தாயிற்றே.

மத்தியானம் செலீனா சோறு கொண்டு போனாள். அருளம்மா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"செத்தவளுக்கு என்னத்துக்குச் சோறு?"

"அம்மா, அப்பு பொய் சொன்னவர்."

"சுவாமியாருக்கு ஆரும் பொய் சொல்லுவினமோ?"

அன்றும் மறுநாளும் அவள் ஒரு பருக்கை தொடவில்லை. தண்ணீரும் வேண்டாம் என்றாள். கைகளை நெஞ்சில் கோத்துச் சவப்பெட்டியில் கிடத்திய மாதிரிக் கிடந்தாள். செலீனாவின் சத்தம் வேலியைத் தாண்டி வந்தது.

"அப்பு, நீங்கள் போய் உள்ளதைச் சொல்லுங்கோ."

"சொன்னா உன்னை ஆர் கட்டுவான்?"

"அம்மாவைப் பட்டினியில சாகவிட்டு எனக்கொரு மாப்பிள்ளையோ? நல்ல கலியாணம்."

அவர் அசையவில்லை. செலீனா முக்காட்டை இழுத்துவிட்டுத் தானே சுவாமியார் இருந்த மிசன் வீட்டுக்கு நடந்தாள். தெரு முழுக்கப் பார்த்தது. திரும்பி வரும்போது அவள் பின்னால் சுவாமியாரும் டாக்குத்தரும் வந்தார்கள்.

பின்னறை வாசலில் அமிர்தநாயகம் முழந்தாளில் நின்றார். "நான் சொன்னது பொய், சாமி. இவதான் அருளம்மா. உயிரோட இருக்கிறா."

சுவாமியார் அவளுடைய தலையில் கை வைத்தார். "அருளம்மா, சாப்பிடுங்கோ."

அவள் கண்ணைத் திறந்தாள். செலீனா ஊட்ட ஊட்ட விழுங்கினாள். பாதியில் நிறுத்தி எல்லோரையும் பார்த்தாள்.

"அப்ப, செபம் சொன்னீங்களே, செத்தது ஆர்?"

டாக்குத்தர் குனிந்து நிலத்தைப் பார்த்தார். அருளம்மா கோப்பையிலிருந்து ஒரு பிடி எடுத்துச் சுவரோரம் வைத்தாள். "பாவம், அவவும் பசியோட இருப்பா."

போகும்போது டாக்குத்தர் செலீனாவிடம் கேட்டார், "உமக்கும் அப்படி ஏதும் இருக்கோ, பிள்ளை?"

"எனக்கொண்டும் இல்லை, ஐயா."

அவளை ஒருவரும் பெண் கேட்டு வரவில்லை. கருவாடு காயவைத்து விற்றாள். தகப்பனை அடக்கம் செய்தாள். தாயை இன்னும் பல வருசம் பார்த்தாள். அருளம்மா கடைசி வரை அந்தப் பிடிச் சோற்றை வைக்க மறக்கவில்லை.

அருளம்மாவை அடக்கம் செய்த மறுநாள் நான் அங்கே போனேன். செலீனா சாப்பிட இருந்தாள். முதலில் சுவரோரம் ஒரு பிடி வைத்தாள். பக்கத்தில் இன்னொரு பிடி வைத்தாள்.

"அது ஆருக்கு?" என்று கேட்டேன்.

"அது அம்மாவுக்கு."

"மற்றது?"

செலீனா என்னை வியப்பாகப் பார்த்தாள். "செபம் சொன்ன அண்டைக்குச் செத்தவவுக்கு," என்றாள். பிறகு தன்னுடைய சோற்றைப் பிசையத் தொடங்கினாள்.