ஊர் அணைத்த விளக்குகள்

நேற்று மாலை மனைவி மிக்சி போட்டதும் கூடத்து விளக்கு மங்கியது. மின்சார ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். புகாரை யாருக்கு எழுத வேண்டும், யார் அதைப் படிக்கமாட்டார்கள் என்பதுவரை தெரியும். ஆனால் நினைவுக்கு வந்தது, என் சிறுவயதில் எங்கள் செஞ்சித் திருவிழாவுக்கு வந்த மெல்லிசைக் குழுதான்.

ஊர் அதுவரை பார்த்திராத எலெக்ட்ரிக் கீபோர்டும் சுழலும் கலர் விளக்குகளும் கொண்டுவந்திருந்தார்கள். முதல் பாட்டிலேயே வோல்டேஜ் குறைந்து கீபோர்டு ஊமையானது. கச்சேரி நின்றுவிடுமோ என்று பிள்ளைகள் எங்களுக்கு அழுகையே வந்தது.

கூட்டத்திலிருந்து என் அப்பா, நைனா, எழுந்தார். “இன்னாய்யா பாத்துக்கினு இருக்கிறீங்க? வூட்டு லைட்டு, கெணத்து மோட்டாரு எல்லாத்தையும் நிறுத்துங்க!”

“நெல்லு காயுதே மாமா?” என்றார் மோட்டார்க்காரர் ஒருவர்.

“நெல்லு நாளைக்குக் குடிக்கும். இவனுங்க நாளைக்கு வருவானுங்களா?”

தெருத்தெருவாக ஊர் இருண்டது. மேடை பளீரென்றது, கீபோர்டு பாடியது. இந்த ஏற்பாட்டுக்கு எந்த விதியிலும் இடமில்லை, தேடிப் பார்த்திருக்கிறேன். அந்த இருட்டுக்கு இன்றும் நன்றி.

நேற்றும் எழுந்துபோய் டிவியையும் ஃபேனையும் நிறுத்தினேன். மிக்சி முழுக்குரலில் பாடியது.