வெற்றுப் பக்கத்தில் நான் போட்ட கையெழுத்து

கல்முனையில் எங்கள் நலன்புரிச் சங்கத்துக்கு நான்கு வருடங்கள் நான் செயலாளராக இருந்தேன். கூட்டறிக்கைப் புத்தகத்தின் வெற்றுப் பக்கங்களில் கையெழுத்துப் போட்டுத் தலைவர் ஹாஜியாரிடம் கொடுத்துவிடுவேன். எல்லாச் சங்கமும் இப்படித்தான் என்பார் அவர். நானும் நம்பினேன்.

ஒருநாள் எங்கள் தையல் வகுப்புக் கட்டடத்தில் புதுப் பூட்டுத் தொங்கியது. கட்டடத்தைத் தலைவரின் மருமகனுக்குக் களஞ்சியமாகக் கொடுக்கப் பொதுச்சபை ஏகமனதாகச் சம்மதித்ததாம். தீர்மானத்தின் கீழே என் கையெழுத்து இருந்தது.

தையல் படிப்பித்த ரமீஸா ராத்தா கேட்டார். "அந்தக் கூட்டத்துக்கு நானும் வந்ததெண்டு எழுதிக் கிடக்கு. எப்ப புள்ள வந்தன்?"

ராத்தா பிரதேச செயலகத்தில் முறையிட்டார்.

விசாரணைக்கு உத்தியோகத்தர் வந்த அன்று தலைவர் என் பக்கம் குனிந்தார். "கூட்டம் நடந்ததெண்டு மட்டும் செல்லுங்க தங்கச்சி. இல்லாட்டி நீங்களும் மாட்டுவீங்க."

எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. எழுந்து நின்றேன்.

"கூட்டம் நடக்கல்ல சேர். வெறும் பக்கத்தில சைன் வச்சது நான். அது எண்ட பிழை. எனக்கு எதிரா என்ன நடவடிக்கையெண்டாலும் எடுங்க. ராத்தாட வகுப்ப மட்டும் மூட ஏலாது."

"வாய அடக்குங்க," என்றார் தலைவர்.

"நாலு வருஷம் அடக்கினது காணும் ஹாஜியார்."

தீர்மானம் செல்லாது என்றானது. வகுப்பு மறுபடி திறந்தது. என் பதவி போனது, வெற்றுப் பக்கங்களில் கையெழுத்திட்டதற்காகப் பிரதேச செயலகத்திலிருந்து கண்டனக் கடிதமும் வந்தது. சிலர் இன்றும் என் சலாத்துக்குப் பதில் சொல்வதில்லை.

அந்தக் கடிதத்தில் உள்ளதெல்லாம் உண்மை. அதற்காக வெட்கப்படுகிறேன். எழுந்து நின்றதற்கு மட்டும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கமாட்டேன்.